பலகையில் பெயர் ஏறிய பிறகு

எங்கள் பக்கத்து ஊராட்சி மன்ற அலுவலகங்களில் சுவரில் ஒரு பலகை தொங்கும். கறுப்போ பச்சையோ அடித்த பலகையில் மஞ்சள் பெயிண்டில் வரிசை எண், தலைவர் பெயர், 'முதல்', 'வரை' என்று நான்கு பத்தி இருக்கும். வீட்டு வரி ரசீதுக்கோ குழாய் இணைப்புக்கோ வந்து, கிளார்க் யூனியன் ஆபீஸிலிருந்து திரும்பும்வரை பெஞ்சில் காத்திருப்பவர்களுக்குப் படிக்க வேறு எதுவும் இருக்காது. அந்தப் பலகையைத்தான் மேலும் கீழும் படிப்பார்கள்.

திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் ஒன்றியத்து ஊராட்சி ஒன்றில் நானும் அப்படிக் காத்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் பலகையைப் பார்த்தபடியே ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரி சொல்லிக்கொண்டு வந்தார். "இவரு காலத்துலதான் டேங்க் வந்துச்சு." "இவரு தங்கமான மனுசன், ஆனா பீடிஓகிட்ட பேசத் தெரியாது." "இந்தம்மா பேருக்குத்தான், நடத்துனது பூராம் வீட்டுக்காரரு." "இவன் ஒரு கையெழுத்துக்கு மூணு நாளு அலைய விடுவான்." அதற்குக் கீழே ஒரு வரியில் 'தனி அலுவலர்' என்று மட்டும் இருந்தது, அதை அவர் வாசிக்காமலே தாண்டினார். கடைசிப் பெயருக்கு வந்ததும் நின்றுவிட்டார். "ஏண்ணே, இவரு எப்படி?" என்றேன். "இவரப் பத்தி இப்பச் சொல்லக் கூடாது தம்பி. இன்னொருத்தன் வந்து உக்காரட்டும். ஒரு வருசம் ஆகட்டும். அப்பத் தெரியும்."

போகிற தலைவரையும் வருகிற தலைவரையும் வாக்காளர் எப்படி எடை போடுகிறார் என்பது பற்றி உலகமெங்கும் நிறைய எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் அமெரிக்க ஜனாதிபதிகளை வைத்து எழுதியவை. நம்மூரில் 'பிரசிடெண்ட்' என்றால் வாஷிங்டன்காரர் நினைவுக்கு வருவதில்லை, டெல்லியில் இருப்பவரும் வருவதில்லை. நாம் நேரே முத்திரை குத்தி உட்கார வைக்கும் ஒரே பிரசிடெண்ட் ஊராட்சித் தலைவர்தான். அதனால் இந்தக் கேள்வியை அந்தப் பெஞ்சில் இருந்தே பார்க்கலாம் என்று நினைக்கிறேன். பெரியவர் சொன்ன கடைசி வரி, நான் படித்த ஆய்வுகள் பலவற்றைவிடச் சரியானது என்பதும் என் எண்ணம்.

சட்டக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1992இன் 73ஆவது திருத்தம், 1994இன் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், அதன்படி 1996, 2001, 2006, 2011 என்று தவறாமல் தேர்தல். 2016 அக்டோபரில் நடக்க வேண்டியது உயர் நீதிமன்றத்தில் நின்றுபோனது. மூன்று ஆண்டுக்கு மேல் தனி அலுவலர் ஆண்ட பிறகு, 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் திண்டுக்கல் உட்பட 27 மாவட்டங்களில் வாக்குப்பதிவு. கிராமத்து வாக்காளருக்கு நான்கு சீட்டு: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். வெள்ளைக்கும் இளஞ்சிவப்புக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ என்று சுயேச்சைச் சின்னங்கள்தான். யார் எந்தக் கட்சி என்பது ஊருக்கே தெரியும் என்பது வேறு விஷயம். 2020 ஜனவரி 6 அன்று பதவியேற்றவர்களின் காலம் 2025 ஜனவரி 5உடன் முடிந்து, மறுபடி தனி அலுவலர் வந்தார்.

வேடசந்தூர் டவுனுக்குள் இந்தக் கணக்கு வேறு. அது பேரூராட்சி. 2022 பிப்ரவரியில் மக்கள் கவுன்சிலரைத் தேர்ந்தெடுத்தார்கள், கவுன்சிலர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2011இல் பேரூராட்சித் தலைவருக்கும் நேரடி ஓட்டுதான் இருந்தது. ஆத்துமேட்டில் நின்று சேர்மனைப் பற்றிக் கேட்டால் பதில் கவுன்சிலர், கட்சி, எம்எல்ஏ என்று சுற்றிக்கொண்டு போகும். அங்கிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில் கேட்டால் பதில் நேராக ஆள் மேலேயே விழும். நேரடியாகத் தேர்ந்தெடுத்தவரைத்தான் நேரடியாகத் திட்ட முடிகிறது.

வாக்காளர் பின்னால் திரும்பிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார் என்பதுதான் தேர்தல் ஆய்வுத் துறையின் பழைய கொள்கை. 1966இல் வெளிவந்த வி.ஓ. கீயின் புத்தகம், வாக்காளரை மந்தையாகப் பார்த்தவர்களுக்கு எதிராக, அவர் நடந்ததைப் பார்த்து யோசித்துத்தான் ஓட்டுப் போடுகிறார் என்று வாதாடியது. 1981இல் மோரிஸ் ஃபியோரினா அதை இன்னும் விரித்தார். ஒவ்வொருவரும் ஆட்சியைப் பற்றி மனதுக்குள் ஒரு கணக்கை நடத்திக்கொண்டே இருக்கிறார்கள், தேர்தலன்று அதைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள் என்றார். மளிகைக் கடைப் பற்றுவரவு நோட்டு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

மேலாகப் பார்த்தால் தமிழ்நாடு இதற்கு நல்ல சாட்சி. 1989 முதல் 2011 வரை ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலிலும் கோட்டையில் ஆள் மாறியது. 2016இல்தான் அந்தத் தொடர் அறுந்தது. வேடசந்தூர் தொகுதி இன்னும் சுவாரசியம். 1991 முதல் 2021 வரையிலான ஏழு தேர்தல்களிலும் எந்த அணி மாநிலத்தில் ஜெயித்ததோ அந்த அணிதான் இங்கேயும் ஜெயித்தது. 1991இல் அதிமுக சார்பில் ஜெயித்துப் பிறகு பேரவைத் துணைத் தலைவராகவும் இருந்த எஸ். காந்திராஜன், 2021இல் திமுக சார்பில் ஜெயித்தார். அதே ஊர், அதே ஆள், கட்சிதான் வேறு. இதை வைத்து வேடசந்தூர்க்காரர்கள் காற்று வீசும் திசையை முன்கூட்டியே மோப்பம் பிடிப்பவர்கள் என்று பெருமை பேசிக்கொள்வது உண்டு. எனக்கென்னவோ ஏழு தேர்தல் ஒத்துப்போனதை வைத்துக்கொண்டு ஒரு ஊருக்கே மூக்கு முளைத்துவிட்டதாகச் சொல்ல மனம் வரவில்லை.

ஊராட்சிக்கு வந்தால் இந்தப் பற்றுவரவு நோட்டு உதவாமல் போகிறது. காரணம் எளிது. சுழற்சி முறையில் இடஒதுக்கீடு மாறும்போது, நன்றாகச் செய்தவரும் மோசமாகச் செய்தவரும் ஒன்றாகவே வெளியே போகிறார்கள். பொதுவாக இருந்தது பெண்ணுக்குப் போகும், பெண்ணுக்கு இருந்தது ஆதிதிராவிடருக்குப் போகும். அதை நான் குறை சொல்லவில்லை. பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் ஆதிதிராவிடருக்கு ஒதுக்கியதற்காக 1996இலிருந்து பத்து ஆண்டு தேர்தலையே நடத்தவிடாமல் செய்ததையும், மேலவளவில் 1997 ஜூனில் தலைவர் முருகேசனை வெட்டிக் கொன்றதையும் பார்த்த மாவட்டத்துக்கு அண்டையில் இருந்துகொண்டு, சுழற்சி வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் விளைவு ஒன்று உண்டு. போகிறவருக்குத் தண்டனையோ பரிசோ கொடுக்க ஓட்டுச்சீட்டில் இடமே இல்லை. அவர் நிறுத்துகிற ஆளைத் தோற்கடிக்கலாம், அவர் மனைவியை ஜெயிக்க வைக்கலாம், அவ்வளவுதான். மிச்சம் இருக்கும் தீர்ப்பெல்லாம் வாயால் சொல்வது. டீக்கடையிலும் நூறு நாள் வேலைத் தளத்திலும் சொல்வது.

வாயால் சொல்வதிலும் சிக்கல் இருக்கிறது. ஊராட்சித் தேர்தலில் வித்தியாசம் சில நேரம் ஒற்றை இலக்கம். தோற்றவருக்குத் தன்னைக் கவிழ்த்த பத்து வீடு எது என்று தெரியும், அல்லது தெரியும் என்று நினைப்பார். ஜெயித்தவருக்கும் அப்படியே. எதிர்ப்பட்டால் இருவருக்கும் "உனக்குத்தாண்ணே போட்டேன்" என்று சொல்லியாக வேண்டும். அதனால் பதவியில் இருக்கிறவரைப் பற்றி ஊரில் கேட்கும் பேச்சு பாதி பயம், பாதி காரியம். தொகுப்பு வீட்டுப் பட்டியலில் பெயர் நிற்கும்வரை நல்லவர், பட்டியல் ஒட்டிய அன்று சாயங்காலம் வேறு கதை.

சரி, எதை வைத்து எடை போடுகிறார்கள்? தண்ணீரை வைத்து. மற்றதெல்லாம் அப்புறம். வேடசந்தூர் வறண்ட பூமி. குடகனாறு ஓடினால் கிணறு ஊறும், ஓடாவிட்டால் ஆயிரம் அடி போட்டாலும் புகைதான் வரும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற நாள், போர் தண்ணீர் வருகிற நாள் என்று தெருவுக்குத் தெரு முறை உண்டு. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிற்கும் பெண்களுக்கு மோட்டார் ஓடும் சத்தம் தெரியும், காயில் கருகினால் வரும் வாடையும் தெரியும். டேங்க் ஆபரேட்டர் போனை எடுக்கவில்லை என்றால் அடுத்த அழைப்பு பிரசிடெண்டுக்கு. அவர் எடுத்தாரா, என்ன சொன்னார், மெக்கானிக் எப்போது வந்தான் என்பதே மதிப்பெண் பட்டியல். ஒரு பெண் எனக்குச் சொன்னது: "செய்யலேன்னாக்கூடப் பரவால்லண்ணே. போன எடுத்து, 'நாளைக்கு வந்துரும் மதினி'ன்னு சொன்னாப் போதும்."

குடகனாறு ஓடுவதும் ஓடாததும் ஊராட்சித் தலைவர் கையில் இல்லை. மழை இருக்கிறது. மேலே ஆத்தூர்ப் பக்கம் ராஜவாய்க்காலுக்கு எவ்வளவு, ஆற்றுக்கு எவ்வளவு என்ற பழைய தகராறு இருக்கிறது. அதைத் தீர்க்க அரசுதான் வர வேண்டும். இருந்தாலும் ஆறு காய்ந்த ஆண்டில் பதவியில் இருந்தவர் பெயர் பலகையில் கறுப்பாகத்தான் நிற்கும். இது நம் ஊர்க் குணம் மட்டுமல்ல. ஷான் கோல், ஆண்ட்ரூ ஹீலி, எரிக் வெர்க்கர் மூவரும் இந்திய மாநிலத் தேர்தல்களையும் மழைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து 2012இல் எழுதினார்கள். மழை பொய்த்தாலும் மிஞ்சினாலும் ஆளும் கட்சி ஓட்டை இழக்கிறது. நிவாரணத்தை ஓடி ஓடிச் செய்தால் இழப்பு குறைகிறது, முழுக்க மறைவதில்லை. அமெரிக்காவில் இதற்கு இன்னும் வேடிக்கையான வழக்கு உண்டு. 1916 ஜூலையில் நியூ ஜெர்சி கடற்கரையில் சுறா கடித்து நான்கு பேர் இறந்தார்கள். அந்த நவம்பரில் கடற்கரை ஊர்களில் ஜனாதிபதி உட்ரோ வில்சனுக்கு ஓட்டு குறைந்தது என்று ஏக்கனும் பார்ட்டெல்ஸும் எழுதினார்கள். பிறகு ஃபௌலர், ஹால் என்ற இருவர் அதே கணக்கைத் திரும்பப் போட்டு, அது நிற்காது என்றார்கள். சுறா விஷயத்தில் யார் சரியோ எனக்குத் தெரியாது. தண்ணீர் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இன்னொரு ஆய்வு இதைவிட வலிக்கும். ஹீலியும் நீல் மல்ஹோத்ராவும் 2009இல் காட்டியது: பேரிடர் வந்த பிறகு நிவாரணத்துக்குச் செலவழித்தால் வாக்காளர் நன்றி காட்டுகிறார், வராமல் தடுக்கச் செலவழித்தால் காட்டுவதில்லை. இதைப் படித்தபோது இரண்டு தலைவர்கள் எனக்கு நினைவுக்கு வந்தார்கள். ஒருவர் ஊர்க் குளத்து வரத்து வாய்க்காலை நூறு நாள் வேலை ஆட்களை வைத்து மூன்று கோடையில் தூர் எடுத்தார். அடுத்து வந்தவர் ஒரு கோடை முழுக்க டிராக்டரில் தண்ணீர் ஏற்றித் தெருத் தெருவாக விட்டார். டிராக்டர்காரர் பெயரை ஊர் இன்னும் சொல்கிறது. வாய்க்கால் எடுத்தவர் காலத்தில் டிராக்டருக்கு வேலையே வரவில்லை. அதனால் அவர் காலம் யாருக்கும் ஞாபகமில்லை.

நூறு நாள் வேலை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2006 பிப்ரவரியில் அந்தத் திட்டம் நாட்டில் தொடங்கியபோது தமிழ்நாட்டில் முதல் கட்டமாக எடுத்த ஆறு மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. ஊராட்சித் தலைவரைப் பெண்கள் பார்க்கும் பார்வையை மாற்றியது அதுதான் என்பேன். அதற்கு முன் பிரசிடெண்டோடு பேச்சு வார்த்தை ஆம்பளைகளுக்கு. கோவில் திண்ணை, டீக்கடை, யூனியன் ஆபீஸ் என்று எல்லாம் அவர்கள் இடம். வேலைத் தளத்தில் நாற்பது பெண்கள் மண்வெட்டியோடு மரத்தடியில் உட்காரும்போது, வருகைப் பதிவில் வராதவர் பெயர் எத்தனை இருக்கிறது, கூலி ஏன் வரவில்லை, யார் வீட்டுக்கு மட்டும் பைப் போனது என்று எல்லாம் வெளியே வந்துவிடும். அலசல் நடக்கும் இடம் மாறியதும் அளவுகோலும் மாறியது.

அந்த அளவுகோல் பெண் தலைவர் மேல் விழும்போது கோணலாகிவிடுகிறது என்பதுதான் இந்தத் துறையிலேயே முக்கியமான இந்தியக் கண்டுபிடிப்பு. எஸ்தர் டூஃப்லோவும் பெட்டியா டோபலோவாவும் 2000ஆம் ஆண்டில் பல மாநிலங்களில் திரட்டிய தகவலை வைத்து 2004இல் எழுதிய கட்டுரை அது. பெண்ணுக்கு ஒதுக்கிய ஊராட்சிகளில் பொது வசதிகள் அதிகம். அவற்றின் தரமும் மற்ற ஊர்களுக்குக் குறைவில்லை. லஞ்சம் கொடுத்ததாகச் சொல்பவர்களும் குறைவு. ஆனால் அந்த ஊர் மக்களுக்குத் திருப்தி மட்டும் குறைவு. ஊராட்சிக்குச் சம்பந்தமே இல்லாத வசதிகளிலும் அதே குறை. குழாய் நன்றாக ஓடுகிறது, ஆனால் குழாயைப் பற்றிக் கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

இதை நான் நேரில் பார்த்தேன். ஒரு கிராம சபைக் கூட்டம். பெண் தலைவர் நோட்டை வைத்துக்கொண்டு வரவு செலவை வாசித்தார், திக்கல் திணறல் இல்லாமல், தொகை தொகையாக. முடிந்ததும் எழுந்த முதல் ஆள் கேட்டது: "வீட்டுக்காரரு வரலையாம்மா?" அவர் "அவரு தோட்டத்துல இருக்காரு மாமா, கேள்வியை என்கிட்ட கேளுங்க" என்றார். கூட்டம் சிரித்தது. கேட்டவரும் சிரித்தார், ஆனால் கேள்வியைக் கேட்கவே இல்லை. கூட்டம் கலையும்போது நடந்துபோன ஒருவர் என்னிடம், "இந்தம்மா பேருக்குத்தான்" என்றார். பலகையைப் படித்த பெரியவர் சொன்ன அதே சொல். வீட்டுக்காரர் நடத்தும் ஊராட்சிகள் இல்லை என்று நான் சொல்லவரவில்லை, நிறையவே இருக்கின்றன. ஆனால் அந்தச் சொல் தானாக நடத்துபவர் மேலும் சேர்த்தே விழுகிறது.

இது மாறாத ஒன்றல்ல என்பதும் ஆய்வில் வந்திருக்கிறது. மேற்கு வங்கத்தில் லோரி பீமன் முதலான ஐவர் செய்து 2009இல் வெளியிட்டது: ஒரே பேச்சை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவு செய்து ஊர்களில் போட்டுக் காட்டி மதிப்பெண் கேட்டார்கள். பெண் தலைவரைக் கண்டிராத ஊர்களில் ஆண்கள் பெண் குரலுக்குக் குறைவாகப் போட்டார்கள்; கண்ட ஊர்களில் அந்த வித்தியாசம் அநேகமாக மறைந்தது. ஆக, முதலில் வந்த பெண்ணுக்குக் கிடைக்காத நியாயம், அவர் வந்துபோனதால் அடுத்தவருக்குக் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்ற சட்டம் 2016இல் வந்தது, 2019இல்தான் நடைமுறையில் தெரிந்தது. அந்த முதல் அணியைப் பற்றிய தீர்ப்பை இப்போதே எழுதி மூடிவிடுபவர்களிடம் எனக்கு நம்பிக்கையில்லை.

வருகிறவர் பக்கம் வருவோம். புதிய பிரசிடெண்டுக்கு ஊர் தரும் முதல் சலுகை, "இப்பத்தானே வந்திருக்காரு." இரண்டாவது சலுகையை அவரே எடுத்துக்கொள்வார்: "பழைய ஆளு கஜானாவைத் துடைச்சு வச்சுட்டுப் போயிட்டாரு." மின்வாரியப் பாக்கி, மோட்டார் ரிப்பேர் பாக்கி, கடையில் வாங்கிய பல்புப் பாக்கி என்று கணக்கு நீளும். ஊரும் ஓராண்டு நம்பும். அதற்குள் துணைத் தலைவரோடு முட்டல் வந்துவிடும். செக்கில் இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்களோ வார்டு உறுப்பினர்கள். எதிரணி ஆள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் தெரு விளக்குக்குக்கூடப் பணம் எடுக்க முடியாது. முற்றினால் கலெக்டர் வரை போகும். செக் பவரைப் பிடுங்கிவிட்டார்கள் என்று ஊர் பேசும். 205ஆவது பிரிவில் பதவியையே பறிக்கவும் வழி உண்டு. இந்த உள்சண்டை வெளியில் தெரிவதில்லை. விளக்கு எரியவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

தோற்ற அணிக்கு அந்த ஓராண்டுச் சலுகையும் கிடையாது. முதல் நாளிலிருந்தே எதுவும் சரியில்லை. ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும் இரண்டு பங்காளி வீடு. ஒருவர் ஜெயித்தவருக்கு வேலை பார்த்தவர், மற்றவர் தோற்றவருக்கு. ஒருவருக்குத் தண்ணீர் "முன்னைக்கு இப்பத் தேவல", மற்றவருக்கு "சொட்டுச் சொட்டா வருது". இதைச் சின்ன ஊர்க் குணம் என்று நினைத்தால் அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். 2016 நவம்பரில் டிரம்ப் ஜெயித்ததும், அவர் பதவியேற்கும் முன்பே, சில வாரங்களில் குடியரசுக் கட்சிக்காரர்களுக்கு நாட்டின் பொருளாதாரம் நன்றாகிவிட்டது, ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்குக் கெட்டுவிட்டது என்று கேலப் கருத்துக்கணிப்பு காட்டியது. விலைவாசியும் வேலையும் அதே இடத்தில்தான் நின்றன. அவர்களுக்கும் குழாய் ஒன்றுதான்.

பழி யார் கணக்கில் ஏறும் என்பதற்கு எங்கள் பக்கத்தில் பெரிய பாடம் மின்வெட்டு. வேடசந்தூரைச் சுற்றி நூற்பாலைகள் நிறைய. மில் பஸ் வரும் நேரத்தை வைத்தே நேரம் சொல்லும் ஊர்கள் உண்டு. 2008இல் தொடங்கிய மின்வெட்டு திமுக ஆட்சியின் கழுத்தில் கட்டிய கல்லானது. அன்றைய மின்துறை அமைச்சர் ஆற்காடு வீராசாமியின் பெயரே கரண்ட் போனதற்கு மறுபெயராகிவிட்டது. 2011இல் ஆட்சி மாறியது. மின்வெட்டு மாறவில்லை, மோசமானது. 2012இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. ஷிஃப்ட் வெட்டி, சம்பளம் வெட்டி, பெண்கள் பாதி ராத்திரியில் வாசலில் விசிறியோடு உட்கார்ந்திருந்த காலம் அது. ஆனால் 2014 மக்களவைத் தேர்தலில் அதிமுக 39இல் 37 இடம் பிடித்தது. மூன்று ஆண்டு பொறுத்த இருட்டைப் பழைய ஆட்சிக் கணக்கில் எழுதினார்கள், வெளிச்சம் வந்ததும் புதிய ஆட்சிக் கணக்கில் எழுதினார்கள். இதை வாக்காளரின் அறியாமை என்பவர்கள் உண்டு. மின் நிலையம் ஓராண்டில் முளைக்காது என்று புரிந்துகொண்ட பொறுமை என்றும் வாதிடலாம். எனக்கு இரண்டும் கலந்ததாகத்தான் படுகிறது.

போனவர் மேல் ஊர் வைக்கும் மதிப்பு பிறகு ஏறுவதும் உண்டு, ஏறாததும் உண்டு. 1967இல் காங்கிரஸ் ஆட்சி போனது. விருதுநகரில் காமராஜரே தோற்றார், மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம். முதலமைச்சர் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். அரிசிப் பஞ்சமும் 1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டமும் இருவரையும் ஒன்றாகவே இழுத்துக்கொண்டு போயின. இரண்டே ஆண்டில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் காமராஜர் ஜெயித்தார். இன்று எந்தக் கட்சிக்காரரும் மேடையில் அவர் ஆட்சியைத் தருவதாகச் சொல்கிறார். பக்தவத்சலம் ஆட்சியைத் தருவதாக யாரும் சொல்வதில்லை. அமெரிக்காவில் ஹாரி ட்ரூமன் 1952இல் 22 சதவீத ஆதரவுக்கு இறங்கியவர், பிறகு வரலாற்றாசிரியர்களின் வரிசையில் மேலே ஏறினார். ஏறுகிறவருக்கும் ஏறாதவருக்கும் என்ன வித்தியாசம்? அடுத்தடுத்து வந்தவர்களிடம் எது குறைந்ததோ, அது போனவரிடம் இருந்திருக்க வேண்டும். காமராஜர் விட்டுப்போனது வேட்டி சட்டையும் பள்ளிக்கூடங்களும். பின்னால் வந்த ஒவ்வொரு ஊழல் வழக்கும் அந்த வேட்டியை இன்னும் கொஞ்சம் வெளுக்க வைத்தது.

இலங்கை இதே கணக்கை வேகமாகப் போட்டுக் காட்டிய நாடு. வடக்கு கிழக்குத் தமிழர்களுக்கு ஜனாதிபதித் தேர்தல் பெரும்பாலும் வருகிறவரைத் தேர்ந்தெடுப்பதல்ல, இருக்கிறவரை மறுப்பது. 2010இல் வாக்குச்சாவடிக்குப் போன தமிழர்களில் பெரும்பாலோர் ஓட்டுப் போட்டது, போரை நடத்திய தளபதி சரத் பொன்சேகாவுக்கு. அப்போதைய ஜனாதிபதி மகிந்தவுக்கு எதிராக நின்றவர் என்ற ஒரே காரணம். 2015இல் அப்படியே சிறிசேனவுக்கு. 2019இல் தெற்கின் பலத்தில் 52 சதவீதத்துக்கு மேல் வாங்கிய கோத்தபய, 2022 ஜூலையில் நாட்டைவிட்டே ஓட வேண்டியிருந்தது. பின்னால் வந்த ரணில் வரிசைகளைக் குறைத்தார், எரிவாயு கிடைத்தது. ஆனால் 2024 செப்டம்பரில் மூன்றாம் இடம். 2019இல் மூன்று சதவீதம் வாங்கிய அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். இரண்டு மாதத்தில் அவர் அணி யாழ்ப்பாண மாவட்டத்திலேயே ஆறில் மூன்று இடம் பிடித்தது. தீயை அணைத்தவருக்கு நன்றி கிடைக்கவில்லை, அவரைத் தீ வைத்தவர்களின் சகவாசத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் தோட்டனூத்தில், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமுக்கு 2022 செப்டம்பரில் 321 புது வீடு கட்டிக்கொடுத்தார்கள். முகாம்வாசிகள் ஊராட்சித் தண்ணீரைக் குடிக்கிறார்கள், ஊராட்சி விளக்கில் நடக்கிறார்கள், கொழும்புச் செய்தியைப் போனில் பார்க்கிறார்கள். இளஞ்சிவப்புச் சீட்டு அவர்கள் கைக்கு வராது, கொழும்புச் சீட்டும் வராது. இரண்டு பிரசிடெண்டையும் எடை போடத் தெரிந்தும் தராசு கையில் இல்லாதவர்கள். மற்றவர்கள் தலைவரை மதிப்பிடும் விதத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்கு அவர்கள் ஞாபகம் குறுக்கே வருகிறது.

பலகையில் பெரியவர் தாண்டிப்போன அந்த ஒரு வரிதான் எங்களுக்குக் கிடைத்த நல்ல பரிசோதனை. 2016 அக்டோபரிலிருந்து 2020 ஜனவரி வரை, பிறகு 2025 ஜனவரியிலிருந்து, நாற்காலியில் ஊர்க்காரர் இல்லை. தனி அலுவலர் என்பவர் பெரும்பாலும் யூனியன் ஆபீஸ் அதிகாரி; பல ஊராட்சிக்கு ஒரே ஆள். அவர் கெட்டவர் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை, நல்லவர் என்றும் கேட்டதில்லை. முதல் இடைவெளியில் மத்திய நிதிக்குழுப் பணம் தேர்தல் நடக்காததால் தடைபட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மாவட்டத்தைக் கடந்தது. சாய்ந்த மரத்தை ரோட்டிலிருந்து வெட்டி எடுத்தவர்கள் பல ஊரில் மாஜித் தலைவர்களும் அவர்களோடு சுற்றுகிற பையன்களும்தான். திட்டுவதற்கு ஆள் இல்லாத அந்தக் காலத்தில், போனவர்களைப் பற்றிய பேச்சு முதல்முறையாக நிதானமானதைக் கவனித்தேன். "அவன் தின்னான், ஆனா தண்ணி விட்டான்." "இவரு திங்கல, விடவும் இல்ல." இப்படிப் பதவியில் இருக்கிறவரைப் பற்றி ஊரில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. 2020இல் புதியவர்கள் வந்தார்கள், இரண்டே மாதத்தில் கொரோனா. பிளீச்சிங் பவுடர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தவர் யார், வீட்டுக்குள் பூட்டிக்கொண்டவர் யார் என்பதிலேயே பாதித் தீர்ப்பு முடிந்துபோனது.

2025 கோடையில் ஒருநாள் அதே ஊரில் மோட்டார் நின்றுபோனது. டேங்க் ஆபரேட்டர் கிளார்க்கைக் கேளுங்கள் என்றார், கிளார்க் ஆபீஸுக்கு மனு கொடுங்கள் என்றார். குடத்தோடு நின்ற பெண்களில் ஒருவர் போனை எடுத்து, பலகையின் கடைசிப் பெயர்க்காரரைக் கூப்பிட்டார். அவர் பதவி முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. லுங்கியோடு பைக்கில் வந்து, மோட்டார் ரூம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "காயில் போச்சு மதினி" என்று சொல்லிவிட்டு, வேடசந்தூர் மெக்கானிக்குக்குத் தன் போனிலிருந்தே பேசினார். "பணம் யாரு தருவா?" என்று மெக்கானிக் கேட்டது வெளியில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. "வாடா நீ, பாத்துக்கலாம்" என்றார்.

பெரியவரும் அங்கே நின்றுகொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் பைக்கைப் பார்த்துக்கொண்டே, "அடுத்த தடவை இது லேடீஸுக்குப் போயிரும்னு பேசிக்கிறாங்க" என்றார்.